இருநூற்று எண்பத்தாறு படிவங்களின் பின்பக்கம்

இந்தோனேசியாவில் எங்கள் சோலோ நகரத்தில் எத்தனை வகைத் தேநீர்க் குவளை உண்டு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி பிடிக்கும் என்று கேட்டால் ருமினி யோசிக்காமல் சொல்வாள். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை இருநூற்று இருபது. பூப்போட்ட பிளாஸ்டிக் குவளை முந்நூறு. சோப்புத்தூள் வாங்கினால் சும்மா தருகிறார்களே, அது நூற்றெண்பதுதான். அடிப்பாகம் தடிமன், பார்த்து ஏமாறக்கூடாது.

எங்கள் பல்கலைக்கழக ஊட்டச்சத்துத் துறைக்கு மூன்று மாத வேலை என்று வந்தவள். பதினோரு வருடம் ஆகிவிட்டது. போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவளும் போகவில்லை. வயது முப்பத்து மூன்று, படிப்பு பள்ளியோடு சரி. வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதி வருவது அவள் வேலையில் பாதி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு நீல டப்பா இருக்கும். அதற்குள் ரப்பர் முட்டை, டெம்பே என்கிற சோயா வில்லை ரப்பரில், ரப்பர் கோழிக்கால். இந்த அளவா, இதைவிடப் பெரிதா என்று காட்டிக் கேட்பதற்கு. அந்தக் கோழிக்காலில் பல் பட்ட தடம் ஒன்று உண்டு. பூனையா, குழந்தையா என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுத் தாத்தா, இபு. அன்னிக்குக் கண்ணாடி போடாம இருந்தாரு" என்றாள்.

மறுபாதி வேலை, நாங்கள் எழுதும் பேப்பர்களை ஜர்னலுக்கு அனுப்பத் தயார் செய்வது. வெளியாட்கள் நினைப்பதுபோல் ஆராய்ச்சி முடிந்தால் வேலை முடிந்துவிடாது. ஒரு ஜர்னலுக்கு வரிக்கு வரி எண் வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். ஒன்று சுருக்கத்தை இருநூற்றைம்பது சொல்லில் கேட்கும், இன்னொன்று இருநூற்றில். எழுதியவர் பெயர் தெரியாத கோப்பு தனி, பெயர் உள்ள முதல் பக்கம் தனி. படங்களை ஏழு தடவை திருப்பி அனுப்புவார்கள். இதையெல்லாம் ருமினி வறுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவாள். இருபத்து மூன்று பேப்பர்களின் கடைசியில், நன்றி என்ற பகுதியில், அவள் பெயர் இருக்கிறது. அந்தப் பகுதியை இந்த உலகத்தில் யாரும் படிப்பதில்லை. நானும்தான்.

அந்த 'இபு', எங்கள் மொழியில் 'அம்மா', நான்தான். பெயர் பாலுபி, வயது நாற்பத்து நான்கு, விரிவுரையாளர். ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஜூன் முப்பதுக்குள் என் பேப்பர் ஒன்றை ஒரு ஜர்னல் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் வீண். என்னிடம் படித்த பிள்ளைகளெல்லாம் டாக்டர் பட்டத்தோடு பக்கத்து அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்னை மரியாதையாகக் கும்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேப்பர் என்னவோ நல்ல பேப்பர்தான், அப்படித்தான் நினைத்திருந்தேன். பாத்திக் துணிக்கு மெழுகு வைக்கிற பெண்கள் இருநூற்று எண்பத்தாறு பேர். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ஆளும் நல்ல பாரி உடம்பு. கேட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொண்ணூறு கலோரிதான் சாப்பிடுகிறார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டும் எடை ஏறுகிறதே, இவர்கள் உடம்பே சிக்கனத்துக்குப் பழகிவிட்டது என்று நான் நான்கு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். அந்த நான்கு பக்கத்தை நானே எடுத்து எடுத்துப் படித்துப் பூரித்துப்போவேன்.

மே மாதம் பதினைந்தாம் தேதி ஜர்னலிலிருந்து பதில் வந்தது. முதல் ரிவ்யூவர் நல்ல மனிதர், இரண்டு காற்புள்ளியோடு விட்டுவிட்டார். இரண்டாமவர் யாரோ, எந்த நாடோ, பிடித்துக்கொண்டார். "இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு இவ்வளவு எடை போடுவது மனிதர்களுக்கு வழக்கமில்லை. சாப்பிட்டவர்கள் மறைத்திருக்கிறார்கள், அல்லது கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை. விளக்கவும். முப்பது நாள்."

கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை. அந்த வரி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ருமினியின் மேசைக்குப் போனேன்.

"நீ எப்படிக் கேட்ட, ரும்?"

"எப்பவும் போலத்தான் இபு. நேத்து காலைல என்ன சாப்பிட்டீங்க, மதியம் என்ன, ராத்திரி என்னன்னு."

"சொன்னதையெல்லாம் எழுதினியா? இல்ல டீயைக் குடிச்சுட்டு ஊர்க்கதை பேசிட்டு வந்துட்டியா?"

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ருமினி தின்றுகொண்டிருந்த வாழைப்பழத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிறகு அதைத் திருப்பிப் போட்டாள்.

பின்பக்கம் முழுக்க அவளுடைய பொடிப் பொடியான நீல எழுத்து. 'மதியம் சாப்பிடவில்லை என்றார். பக்ஸோ ஒரு கிண்ணம், இறைச்சி உருண்டை ஐந்து, நூடுல்ஸோடு. மூன்று மணிக்கு வறுத்த டெம்பே நான்கு. இனிப்புத் தேநீர் மூன்று குவளை, சோப்புத்தூள் குவளை, ஒவ்வொன்றுக்கும் சர்க்கரை மூன்று கரண்டி. ஐந்து மணிக்குத் தேங்காய்ப்பூ போட்ட க்ளெபோன் உருண்டை ஆறு.'

"மதியம் சாப்பிடலைன்னாங்க இபு. சோறு சாப்பிடல, அதான். பக்ஸோவைப் போய் யாரு சாப்பாடுன்னு சொல்வாங்க? முன்பக்கத்துல மூணு கட்டம்தான் இருந்துச்சு. மிச்சத்துக்கு எடமில்ல. அதான் பின்னாடி எழுதினேன். நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் படிவத்தை வடிவமைத்த மகராசி நான்தான். வெளிநாட்டுப் படிவம் ஒன்றிலிருந்து எடுத்தேன். அதில் இடையில் தின்பவைக்கென்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. காகிதம் வீணாகிறதே என்று அதைத் தூக்கியவளும் நான். ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் முன்பக்கத்தை மட்டும் கொடுத்தவளும் நானேதான். சோறு இறங்காவிட்டால் சாப்பிட்டதாகக் கணக்கில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? நான் இந்த ஊர்க்காரி. என் அம்மா நூடுல்ஸுக்கே சோறு தொட்டுக்கொள்வாள்.

பேராசிரியர் ஹண்டோயோவிடம் ஓடினேன். என் வழிகாட்டி, எங்களுக்கெல்லாம் 'பாக்', அதாவது ஐயா. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது, எதற்கும் பதறாதவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போட்டா உன் கண்டுபிடிப்பு நிக்குமா?"

"நிக்காது, பாக்."

"ஜூன் முப்பதுக்குள்ள?"

நான் அவருடைய சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"பங்கேற்றவங்க குறைச்சுச் சொல்லியிருக்கலாம்னு ஒரு வரி போடும்மா. எல்லாரும் போடுறதுதான். பேப்பரும் பொழைச்சுக்கும், நீயும் பொழைச்சுக்குவ."

போட்டேன். பதினெட்டு நாள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, நடுவில் அந்த ஒரு வரியைச் செருகினேன். ருமினியிடம் அப்படிப் பேசியது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சரிக்கட்ட, அவள் பெயரை நன்றியிலிருந்து தூக்கி, எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாகச் சேர்த்தேன். தகுதி இருக்கிறது, சேர்க்கவேண்டியதுதான். ஆனால் நான் சேர்த்தது அதற்காக இல்லை. வாயை அடைக்கத்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜர்னலின் இணையதளம் அவளுடைய குடும்பப் பெயரைக் கேட்டது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஒரே பெயர்தான், ருமினி என்றால் ருமினி. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று சிவப்பாக முறைத்தது. கடைசியில் ருமினி ருமினி என்று போட்டேன்.

"ரெண்டு வாட்டி கூப்பிட்டா நீங்க கோவமா இருக்கீங்கன்னு அர்த்தம் இபு" என்றாள். சிரித்தாளே தவிர சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

அனுப்பியாயிற்று. ஆனால் அந்த ஜர்னலில் ஒரு வழக்கம். எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் போகும். முழுதும் படித்தேன், இதற்கு நானும் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அமுக்கவேண்டும். ஒருவர் விட்டாலும் பேப்பர் நகராது. பேராசிரியர் படிக்காமலே அமுக்கினார். நானும் அமுக்கினேன். ஒரு நாள் போனது. ருமினியின் பெயருக்கு எதிரே 'காத்திருக்கிறது' என்றே இருந்தது.

மறுநாள் காலை அவள் மேசைக்குப் போனேன். பேப்பரை அச்செடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அகராதி. ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு.

"இந்த வரிய நான் நெறைய பேப்பர்ல பாத்திருக்கேன் இபு. காற்புள்ளி சரியா இருக்கான்னு மட்டும் பாப்பேன். இன்னிக்குத்தான் அர்த்தம் பாத்தேன். அவங்க பொய் சொன்னாங்கன்னு எழுதியிருக்கா?"

"பொய்யின்னு இல்ல, ரும். குறைச்சுச் சொல்லியிருக்கலாம்னு. சும்மா ஒரு வழக்கம்."

"கெமிஜா அக்கா கையில மெழுகோட எழுந்து வந்து, குடிச்ச குவளையைக் கழுவி எடுத்துக் காட்டுனாங்க. இன்னொருத்தங்க, உருண்டை அஞ்சு சொன்னேன், நாலுதான், ஒண்ணு மகளுக்குக் குடுத்தேன்னு தெரு முனை வரைக்கும் ஓடி வந்து திருத்துனாங்க. அவங்க யாரும் குறைக்கல இபு. சொன்னதை நீங்கதான் திருப்பிப் பாக்கல."

அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை, அதையும் 'இபு' போட்டுச் சொல்கிறாள்.

"என் பேரை எடுத்துருங்க. நன்றியிலயே இருந்துக்கறேன். இதை அமுக்கினா, அடுத்த தடவை அந்தத் தெருவுக்குள்ள நான் எப்படிப் போவேன்?"

எடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் அறைக்குத் திரும்பி, அவள் பெயருக்கு எதிரே இருந்த 'காத்திருக்கிறது' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, பிறகு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பேப்பரைத் திரும்பப் பெற்றேன். முப்பது நாளில் பத்து நாள் மிச்சம் இருந்தது.

"பெட்டியை எடு, ரும்" என்றேன்.

பத்து நாள் நாங்கள் இரண்டு பேரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் படிப்பாள், நான் தட்டச்சு செய்வேன். டெம்பே நான்கு, எண்ணெய் குடித்த ரகம். தேநீர், பூப்போட்ட குவளை. நடுநடுவே அவளுடைய குறிப்புகள் வேறு வரும். 'மாமியார் பக்கத்தில் இருந்ததால் இனிப்பைப் பற்றிச் சொல்லவில்லை, வாசலில் வந்து சொன்னார்.' சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஏழு வருடத்தில் என் ஆராய்ச்சி எனக்குச் சிரிப்பு மூட்டியது அந்தப் பத்து நாள்தான்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கலோரி. என் சிக்கன உடம்பு, நான்கு பக்க விளக்கம், பூரிப்பு எல்லாம் போயிற்று. பேப்பரின் தலைப்பையே மாற்றினேன். அந்தப் பெண்கள் எதையும் மறைக்கவில்லை, சாப்பாடு என்று எதைச் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நாங்கள் கேட்டோம், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, தவறு எங்களுடையது என்று அப்படியே எழுதினேன். எந்த ஜர்னல் இதை ஏற்கும்?

பேராசிரியர் இந்த முறை படித்தார். அவருடைய மேசையில் வறுத்த தோஃபு ஒரு பொட்டலம் பாதி காலியாகக் கிடந்தது.

"நான்கூட டாக்டர்கிட்ட ராத்திரி சாப்பிடுறதே இல்லேன்னுதான் சொல்லிட்டிருக்கேன்" என்றார். பொட்டலத்தை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

ருமினி அகராதியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு அமுக்கினாள்.

பிறகு காத்திருப்பு. ஜூன் இருபது, இருபத்தைந்து. அலுவலகப் பெண் என் பெயர் இருக்கும் ரத்துப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ருமினியின் மேசையருகே உட்கார்ந்திருந்தபோது மின்னஞ்சல் வந்தது. திறக்கப் பயந்து போனை அவளிடமே கொடுத்தேன். அவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

"ஏத்துக்கிட்டாங்க இபு. கீழே ரெண்டாவது ஆள் ஏதோ எழுதியிருக்காரு, நீங்க படிங்க."

வாங்கிப் படித்தேன். "குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்ற வழக்கமான வரி வரும், நிராகரிக்கச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இந்தப் பதிலைப் படித்த பிறகு என்னுடைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இருபது வருடமாகப் பயன்படுத்துகிறேன். அவற்றிலும் அந்தப் பக்கம் இல்லை. பின்பக்கத்தில் எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்."

அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அமுக்காமல் விட்ட ஒரு பொத்தானால் நான் பிழைத்தேன். அமுக்கியிருந்தால் போயிருப்பேன், போனது ஏன் என்றுகூடத் தெரியாமல் போயிருப்பேன். மன்னிச்சுக்கோ ரும் என்று சொன்னேன். அன்று எல்லார் முன்னாலும் கேட்ட கேள்விக்கு, எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பென்சிலை உருட்டினாள்.

"சரி விடுங்க இபு. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

ருமினி என் முன்னால் இருந்த, வறுத்த டெம்பே மடித்து வந்த எண்ணெய்க் காகிதத்தையும், அதில் மிஞ்சியிருந்த பச்சைமிளகாய்க் காம்புகளையும், இரண்டு காலித் தேநீர்க் குவளைகளையும் பார்த்தாள். ஒரு படிவத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, எழுத ஆரம்பித்தாள்.