பூசக்கூடாத சுவர்

ஷுவான்னியு என்றால் கட்டிவைத்த மாடு என்று பொருள். பிள்ளை ஓரிடத்தில் தரிக்கட்டும் என்று அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயர். மாடு நிற்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான், திரும்பி வந்தான். லாரி ஓட்டினான், விட்டான். ஆப்பிள் மரத்துக்குக் கவாத்து செய்யக் கற்றுக்கொண்டு, பூ வருவதற்குள் சியான் நகரத்துக்கு பஸ் ஏறினான். கொஞ்ச காலம் ஊரில் மண்மலையைக் குடைந்து குகைவீடு கட்டுகிறவர்களோடு சேர்ந்து சுவர் பூசினான். அதிலும் கடைசிச் சுவரை அடுத்தவன்தான் முடித்தான்.

இந்த இலையுதிர்காலத்தில் அவன் ஊர் இருக்கும் லுவோச்சுவான் பக்கம் மண்ணை ஆராய வந்த டாங் மின்ஹுய் என்ற கல்லூரி ஆசிரியை அவனை வேலைக்கு வைத்தபோது, மனைவி சாய்லிங் சிரிக்கவில்லை.

"இதையும் பாதியில விட்டுட்டு வந்தா நான் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். பழத்தை நீயே பறிச்சுக்கய்யா."

வழக்கமான மிரட்டல்தான். ஆனால் இந்த முறை மண்ணால் கட்டிய கட்டிலின் ஓரத்தில் அவளுடைய துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அது அவன் கண்ணில் பட்டது.

ஊருக்குப் பின்னால் உள்ள மண்மலையின் செங்குத்தான முகத்தை மேலிருந்து கீழ்வரை செதுக்குவதுதான் வேலை. மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள் என்று பட்டைகள் தெரிய வேண்டும்.

"மஞ்சள் குளிர்காலத்துல காத்து கொண்டுவந்த புழுதி அண்ணே," என்றாள் டாங். "மழை நல்லா பெய்ஞ்ச காலத்துல அதுவே சிவப்பு மண்ணா மாறியிருக்கு. சிவப்புல காந்தம் அதிகம். காந்தம் அளக்குற கருவியை வச்சா எண்ணு ஏறும். அதை வச்சு அந்தக் காலத்து மழையைக் கண்டுபிடிக்கலாம்."

"அப்ப மலையே ஒரு பழைய வானிலை அறிக்கைன்னு சொல்லுங்க."

"அதான். கடைசியா செதுக்குறப்ப இரும்பு வேண்டாம், மூங்கில் போதும். துரு ஒட்டுனா கணக்கு கெட்டுரும்."

அளப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் டாங் ஊருக்குள் போயிருந்தாள். ஷுவான்னியு தனியாக நின்று, செதுக்கிய மலைச்சுவரைப் பார்த்தான். எங்கும் கொத்திய தழும்பு. விருந்தாளிக்கு இப்படி ஒரு சுவரைக் காட்டினால் ஊரில் யார் மதிப்பார்கள்? கை பரபரத்தது. உதிர்ந்து கிடந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். உச்சிமுதல் அடிவரை மெல்லிசாகப் பூசி, உள்ளங்கையால் வழவழப்பாக்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுதாக முடித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

காலையில் டாங் மலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"கோடு எங்கண்ணே?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு டீச்சர். பூசிட்டேன்."

அவள் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "கருவியைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். மதியம் வண்டி வருது. பக்கத்து மாவட்டத்துல வெட்டின மலை ஒன்னு இருக்கு, அங்க போயிடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஷுவான்னியு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். சியான் சாலை அவன் பல தடவை ஓடிப்போன சாலை. வழியில் அவர்களுடைய ஆப்பிள் தோட்டம். ஏணிமேல் நின்றிருந்த சாய்லிங் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஏணியிலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

துணிப்பை ஞாபகம் வந்தது. மலைப் பக்கமே வண்டியைத் திருப்பினான்.

"டீச்சர், உங்க வண்டி வரதுக்குள்ள பூச்சை எடுத்துடறேன்."

"தண்ணி உள்ள இறங்கியிருக்கும் அண்ணே. மேல சுரண்டினா போதாது. ஒரு சாண் ஆழம் போகணும்."

"போறேன்."

முதலில் மண்வெட்டியால் இறக்கினான். கடைசி விரலளவை மூங்கிலால். வியர்வை கண்ணில் இறங்கியது. நடுவில் மூன்று தடவை மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். பட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வண்டி வந்து நின்றபோது டாங் ஓட்டுநரைக் கையமர்த்திவிட்டு, கருவியை மஞ்சளில் அழுத்தினாள். சின்ன எண். சிவப்பில் அழுத்தினாள். எண் தாவியது.

"நல்ல மழை," என்றாள்.

சாய்லிங் மிளகாய் போட்ட நூடுல்ஸ் கிண்ணத்தோடு மேட்டில் ஏறி வந்தாள்.

"பையைப் பிரிச்சிட்டியா?"

"வீட்டுக்கு வந்து பாருய்யா. முதல்ல தின்னு."

தின்று முடித்துச் சுவரைப் பார்த்தான். நேற்றைவிட மோசமான தழும்புகள். டாங் இன்னும் பாதிதான் அளந்திருந்தாள். ஷுவான்னியு மறுபடி பரபரத்த இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.