அண்ணன் தங்கைக்கு நடுவில் ஒரு நோட்டரி

நோட்டரி வேலையில் சீல் குத்தக் கை சீக்கிரம் பழகிவிடும். குத்த மாட்டேன் என்று சொல்ல வாய் கடைசிவரை பழகாது. ஆரணி மாதிரி ஊரில் காலையில் மறுத்து அனுப்பியவரை மாலையில் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும். இந்த அவஸ்தை உங்களுக்கும் இருந்திருக்கும்.

சீல் மட்டும்தானே!

பட்டுச்சேலை கம்பெனி நடத்தும் குமரேசன் ஒரு பவர் பத்திரத்தோடு வந்தார். அவருடைய அப்பா தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி அது. பங்குகளை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார் பெரியவர். தங்கை கிரிஜா தன் பங்குகளின் மேல் முழு அதிகாரத்தையும் அண்ணனுக்குக் கொடுப்பதாகப் பத்திரம் சொன்னது. கையெழுத்து இருந்தது, போட்டவரைத்தான் காணோம்.

என் முன்னால் அவரே வந்து போட வேண்டும் என்றேன். கம்பெனி பத்திரமெல்லாம் என்னிடம்தான் வரும் என்பதால் உரிமையோடு சலித்துக்கொண்டார்.

"இன்னா சார், ஒரே பேஜாரா பூடுச்சு. கலசப்பாக்கத்துலேர்ந்து அவள இட்டுகினு வரணுமா? கூடப் பொறந்தவளுக்கு நான் துரோகமா பண்ணப்போறேன்?"

பொங்கல் சீர்

மறுநாள் அழைத்து வந்தார். இருவரும் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தங்கையிடம் நான் கேட்டதற்கெல்லாம் அண்ணனே பதில் சொன்னார். "நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

எதற்காக இந்தப் பத்திரம் என்று கிரிஜாவிடம் கேட்டேன். பேங்க் லோனுக்கு என்றார். படித்துக் காட்டினேன். லோன் மட்டுமில்லை, இதை வைத்து அண்ணன் அந்தப் பங்குகளைத் தன் பேருக்கே மாற்றிக்கொள்ளலாம். அப்பா கொடுத்ததில் கிரிஜாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. போடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. "உங்க அண்ணன் வேலை என்கிட்ட வருது. அதனால என் பேச்சை மட்டும் நம்பாதீங்க, வேற வக்கீல்கிட்ட காட்டுங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக டீக்கடையில் நின்ற அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கையெழுத்துப் போடலன்னா, பொங்கலுக்குச் சீர் எடுத்துகினு அண்ணன் என் வாசப்படி மிதிப்பாரா சார்?"

யாருடைய ஆள்?

அன்று கையெழுத்துப் போடாமல் போன கிரிஜா அடுத்த வாரம் தனியாக வந்தார். அண்ணன் கம்பெனி கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், எனக்கு நீங்களே வக்கீலாக இருந்து வழி சொல்லுங்கள் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பக்கம் சேர்ந்துவிட்டால், அன்று நான் படித்துக் காட்டியதும் தங்கைக்காகப் பேசியதாகிவிடும். திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். எழுந்து நின்றபோது கிரிஜாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணனுக்கும் ஆவல, எனக்கும் ஆவல. அப்ப நீங்க யாருக்குத்தான் சார்?"

கம்பெனி கூட்டத்தில் கிரிஜா தன் பங்கைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்டு லோனுக்கு மட்டும் சம்மதம் கொடுத்தாராம். அதே கூட்டத்தில், இனிமேல் கம்பெனி பத்திரம் எதையும் என்னிடம் கொண்டுவருவதில்லை என்று இரண்டு பங்குதாரர்களும் ஒருமனதாக முடிவெடுத்தார்களாம்.