ஏழாம் பாரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

"ஐயா, ஏழாம் பாரத்தை அச்சுக்கு ஏற்ற வேண்டாம். 98ஆம் பக்கத்தில் கிழமை இன்னும் முடிவாகவில்லை. மன்னிக்கவும். தவமணி."

1992 மார்ச் 9, திங்கட்கிழமை என்று திகதியிட்டு உக்குவளையிலிருந்து வந்த இந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் உள்ள ஒரே கிழமையைப் பற்றி அந்தப் பெண் எழுதிய மூன்றாவது கடிதம் இது. பெப்ரவரி 12ஆம் திகதிக் கடிதம் 'திங்கள்' என்பதை 'ஞாயிறு' ஆக்கச் சொன்னது. ஆக்கினேன். 24ஆம் திகதிக் கடிதம் அதை மறுபடி 'திங்கள்' ஆக்கச் சொன்னது. அதையும் செய்தேன். இப்போது இரண்டும் வேண்டாமாம், காத்திருக்க வேண்டுமாம். நாவல் எழுதுகிறவர்களோடு வேலை செய்வதைவிட நோட்டீஸ் அடிப்பது மேல் என்று அன்றைய டயரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

1. எழுத்துப் பஞ்சம்

கணினியில் எழுத்துக் கோர்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

நான் 1964இல் மாத்தளையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்தேன். பிறகு புரூப் பார்ப்பதும் என் வேலையானது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்ப்போம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். அதை அச்சடித்து முடித்த பிறகு எழுத்துகளைப் பிரித்து, அதனதன் கட்டத்தில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பாரத்தைத் தொடங்கலாம். பெரிய அச்சகங்களில் நாலைந்து பாரத்துக்கு எழுத்து இருக்கும். எங்களிடம் ஒரு பாரத்துக்கு மேல் இல்லை. 83 ஜூலைக் கலவரத்தில் பக்கத்துக் கடைக்கு வைத்த நெருப்பு எங்கள் பின்கட்டையும் பிடித்தது. பாதி எழுத்து உருகித் தரையோடு ஒட்டிவிட்டது.

ஆகவே, தவமணி டீச்சரின் 97 முதல் 112 வரையான பக்கங்கள் அச்சுக்கு அடுக்கும் கல்லின் மேல் நூலால் கட்டிக் கிடந்த அந்த ஐந்து வாரமும், அச்சகத்தின் எழுத்தெல்லாம் அவருடைய சோகத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. நாலந்தாவிலிருந்து மகளின் கல்யாண அட்டைக்காக நாலாவது தடவையாக வந்த ஒருவர் கத்தினார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேக்குறாங்க, அட்டை எங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல? பொண்ணு பேருல 'ள்' வருது, 'ள்' ஸ்டாக் இல்லன்னா?"

முதலாளி ராசிக் ஹாஜியார் மேசையிலிருந்து எழும்பாமல் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், அந்த டீச்சர்ட கவல முடியிற நேரம் எண்ட கடையும் முடிஞ்சிரும். ஞாயிறோ திங்களோ, ஒண்டப் போட்டு அடிங்க. நாவல் வாசிக்கிறவன் கலண்டரையா பாக்கப் போறான்?"

நான் பார்ப்பேன். அதுதான் சிக்கலே.

2. முதற்பாகத்தில் நான் செய்த திருத்தம்

தவமணி உக்குவளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய நாவலின் முதற்பாகத்தை நாங்கள் 1990இல் அச்சிட்டோம். அதில் ஒரு தோட்டத்துப் பெண், பதின்மூன்று வயது. அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பத் தகப்பன் சம்மதித்துவிடுகிறான். கூட்டிப் போக ஒரு பெண் வரும் அன்று அவள் லயத்து வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். கூட்டிப் போக வந்தவள் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஒன்பது வயதுத் தங்கச்சியைக் கூட்டிப் போய்விடுகிறாள். தங்கச்சி திரும்பி வரவில்லை.

அந்த இடத்தில் டீச்சர் எழுதியிருந்த வரி: "1969 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் பள்ளிக்கூடம் போனேன்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. திகதியும் கிழமையும் சேர்ந்து வந்தால், மேசை லாச்சியில் இருக்கும் நூறு வருடக் கலண்டர் அட்டவணையில் பார்க்காமல் விடமாட்டேன். பார்த்தேன். 28 ஞாயிறுதான். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் திறக்கும்? எழுதுகிறவர்களின் வழக்கமான கவனக்குறைவு என்று முடிவு செய்து, "29, திங்கட்கிழமை" என்று திருத்தினேன். அது கடைசிப் புரூப். டீச்சருக்கு அனுப்ப நேரம் இருக்கவில்லை. அதாவது, நேரம் இருந்தது. தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைய டயரியில் "ஒரு பிழை பிடித்தேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருடம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாம் பாகத்தோடு வந்தார். முதற்பாகத்தில் அச்சான 'திங்கள்' அதிலும் இருந்தது. அதில் அந்தப் பெண் வளர்ந்து, படித்து, ஆசிரியையாகித் தன் தாயிடம் அந்த நாளைப் பற்றி நேருக்கு நேர் கேட்கிறாள். ஏழாம் பாரம் முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

3. சனிக்கிழமை, மார்ச் 14

மூன்றாவது கடிதத்துக்குப் பதிலாக, நேரில் வரச் சொல்லிக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். வந்தார். மடித்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை.

"டீச்சர், இது கத. ஞாயிறுன்னாலும் கததான், திங்கள்னாலும் கததான். ஒண்ணச் சொல்லுங்க."

"கத இல்லைங்க ஐயா."

"என்னது?"

"அது நான்தான். தங்கச்சி பேரு புஷ்பம்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்போதுதான் உட்கார்ந்தார்.

கொழும்பு வீட்டிலிருந்து ஒரே ஒரு தபாலட்டை வந்ததாம். 'புஷ்பம் 28ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் வந்து சேர்ந்தாள்' என்று. அடுத்த வருடம் தகப்பன் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள். அதோடு சரி. தகப்பன் இப்போது இல்லை. தாய் டீச்சரோடுதான் இருக்கிறார், அந்தத் தபாலட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

"எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம எந்த ஸ்கூல்டி தொறந்திருந்துச்சு? ஆளு வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சிக்கிட்ட, சின்னவளக் காட்டிக் குடுத்துட்டன்னு. நான் ஸ்கூலுக்குப் போனதாத்தான் ஞாபகம். ஆனா ஞாயித்துக்கெழமன்னு அட்டையில இருக்கே. எப்படி போயிருப்பேன்? எனக்கே தெரியலைங்க ஐயா. அம்மா சொல்லிச் சொல்லி, இப்பக் கண்ண மூடுனா கொக்கோ மரத்துக்குப் பின்னால நான் குந்திக்கிட்டு இருக்கிற மாதிரித்தான் தெரியுது."

"அப்ப முதல் பாகத்துல?"

"எனக்கு ஞாபகம் இருந்தபடியே எழுதினேன், ஞாயிறு, ஸ்கூலு ரெண்டையும். நீங்க மாத்திட்டீங்க." குற்றம் சாட்டும் குரலே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "பக்கத்து வீட்டுப் பொண்ணு பொஸ்தகத்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிருச்சு. திங்கக்கெழமன்னு வந்தவொடன அம்மா அட்டைய எடுத்து வச்சுக்கிட்டு, பாத்தியா, பொஸ்தகத்துலயும் பொய் எழுதிட்டா, நாளையே மாத்திட்டான்னு. அண்ணையிலேர்ந்து எங்கிட்ட சரியாப் பேசுறதில்ல."

நான் தற்காப்புக்கு வாயைத் திறந்தேன். "டீச்சர், ஆனாலும் ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம்..."

மெஷின் பக்கத்திலிருந்து சோமபால குரல் கொடுத்தான். எங்கள் மெஷின்காரன், சிங்களவன். தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் முப்பது வருடமாகத் தமிழ்ப் புத்தகம்தான் அடிக்கிறான்.

"மாஸ்டர், எந்த வருசம் சொல்றது?"

"அறுபத்தொன்பது."

"அந்தக் காலம் ஞாயிறு வேலைதானே? போயாவுக்குத்தானே லீவு. மாஸ்டரும் நானும் வந்ததுதானே ஞாயிறு ஞாயிறு? மறந்ததா?"

1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைப்பிறை என்று மாதத்துக்கு நாலு போயா தினங்கள்தான் விடுமுறை. பள்ளிக்கூடம், கந்தோர், தோட்டம் எல்லாம் அப்படித்தான். அது எந்தக் கிழமையிலும் விழும். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கட்டடத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். திகதி விடயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவனும் நான்தான். நூறு வருடக் கலண்டரில் கிழமை இருந்தது, லீவு இருக்கவில்லை.

"மறந்ததுதான்," என்றேன்.

"அப்ப 'ள்' எப்ப வருது?" என்று கேட்டார் ஹாஜியார்.

4. உக்குவளை

என் டயரிகள் வீட்டில் இருந்தபடியால் நெருப்புக்குத் தப்பின. அன்று மாலை 1969ஐ எடுத்தேன். "28.9.69. ஞாயிறு. வேலை. கோவில் நோட்டீஸ் 500. பின்னேரம் மழை." சில பக்கங்கள் முன்னால், ஒரு வாரநாளில், "போயா. லீவு. சலூன்." சந்தேகத்துக்கு இடமில்லை.

மறுநாள் டயரியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டீச்சரின் தாய் அங்கம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு இது? சங்கத்து ஆளா?"

"அச்சுக்கூடத்து ஐயாம்மா. பொஸ்தகம் அடிச்சவரு," என்றார் உள்ளேயிருந்து வந்த டீச்சர்.

"ஓ, அந்தப் பொய்ப் பொஸ்தகமா?"

"அந்தப் பொய்ய எழுதுனது நான்தாம்மா," என்றேன். "ஒங்க மக ஞாயிறுன்னுதான் எழுதுனாங்க. நான்தான் திங்கள்னு மாத்துனேன். அவங்களக் கேக்கவுமில்ல."

கீரையைக் கீழே வைத்தார். "நீங்களா? எங்க வீட்டு விசயத்துல ஒங்களுக்கு என்னய்யா வேல?"

டயரியை விரித்து வாசித்தேன். போயா லீவுக் காலத்தை நினைவுபடுத்தினேன். அந்த ஞாயிறு போயா இல்லை, வேலை நாள், பள்ளிக்கூடமும் இருந்திருக்கும் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

"கோயில் நோட்டீசு அடிச்சதெல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு எங்க தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு ஒங்க நோட்டுல இருக்கா?"

"இல்லம்மா. அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன்? பால் வெட்டிட்டு, வாளியத் தூக்கிட்டுப் போய் ஸ்டோர்ல பால் நிறுத்துட்டு வாறேன், வாசல்ல சின்னவ சீப்பு கெடக்குது, புள்ளயக் காணோம்..."

நிறுத்திவிட்டார்.

அவராகத்தான் சொன்னார், மெதுவாக.

"அப்ப எனக்கும் வேல இருந்திருக்கு."

ரப்பர் பால் நிறுத்து வந்த கதையை அவர் நூறு தடவை சொல்லியிருப்பாராம். ஞாயிற்றுக்கிழமை என்பதையும் நூறு தடவை சொல்லியிருப்பாராம். வேலைக்குப் போன நாள் எப்படி லீவு நாளாகும் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு மகள் பக்கம் திரும்பிச் சீறினார். "ஏன்டி, இருபத்து மூணு வருசமா இத நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்ல விட்டீங்களாம்மா?"

"போடி. ஐயாவுக்குத் தேத்தண்ணி போடு."

டீச்சர் எழுந்து போனார். உள்ளே கிளாஸ் ஒன்று விழுந்து உடையும் சத்தம் கேட்டது. அங்கம்மா அசையவில்லை. "நானும் அன்னிக்கு வீட்டுல இல்ல," என்றார், என்னிடம் அல்ல. கீரையை மறுபடி எடுத்தார், ஆயவில்லை.

5. 98ஆம் பக்கம்

விடயம் முடிந்தது, திங்கட்கிழமை காலையில் பாரத்தை மெஷினில் ஏற்றலாம் என்று நினைத்தேன். பஸ் நிறுத்தம் வரை டீச்சர் கூட வந்தார்.

"ஞாயிறுன்னு போட்டுறட்டா, டீச்சர்? 'நான் பள்ளிக்கூடம் போனேன்', முற்றுப்புள்ளி."

"ஸ்கூல் இருந்துச்சுங்க ஐயா. அது சரி." குடையை விரித்தார், மழை இல்லை. "ஆனா நான் அன்னிக்கு அங்க போனேனான்னு ஒங்க டயரியில இல்லையே. ஸ்கூல் இருந்தா, போனேன்னு அர்த்தமா? ஸ்கூலுக்குப் போற வழியிலதானே அந்தக் கொக்கோ மரமும் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு, கையில் ஆதாரமும் கொண்டு வந்து கொடுத்தால், இதுவும் போதாதா? அப்படியே கேட்டும்விட்டேன்.

"அம்மாவுக்குப் போதுங்க ஐயா. எனக்குப் பத்தல," என்றார். "ஸ்கூல் இடாப்பப் பாத்தாத் தெரியும். வரவு போட்டிருப்பாங்க."

நாலு வரி வெட்டி ஆறு வரி எழுதி அனுப்பினார். பக்கம் நீண்டது. 98 முதல் 112 வரை பதினைந்து பக்கத்தையும் அவிழ்த்து வரிகளைத் தள்ளிக் கட்டினேன். ஹாஜியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகுதான் ஏழாம் பாரம் அச்சானது. எழுத்தைப் பிரித்த கையோடு நாலந்தாக்காரரின் கல்யாண அட்டையைக் கோர்த்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்தோம். எங்களைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை.

98ஆம் பக்கத்தில் இப்போது இருப்பது: "ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவுக்கு வேலையும் இருந்தது. நான் போனேன் என்றுதான் நினைக்கிறேன்."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுதினவர் சொன்ன நாள் பிழை என்று தோன்றினால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள். பேனை உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக நாளை மாற்றாதீர்கள். 1992க்குப் பிறகு நான் கேள்விக்குறி மட்டும்தான் போட்டேன். அதனால் பல எழுத்தாளர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

இடாப்பைப் பற்றி: தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பழைய இடாப்புகளும் கைமாறியிருக்க வேண்டும். அந்தப் பாடசாலைக்கு இரண்டு தடவை எழுதினேன். தங்களிடம் அந்தக் காலத்து இடாப்பு எதுவும் இல்லை, கல்விக் கந்தோரில் கேட்கவும் என்று பதில் வந்தது. கந்தோருக்கு மூன்று தடவை எழுதினேன். பதில் இல்லை. அங்கம்மா காலமாகிவிட்டார். டீச்சர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறார். இன்றும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேட்பார், "ஏதாவது வந்துச்சுங்களா, ஐயா?" என்று.

இதை எழுதும் 2008ஆம் ஆண்டு வரை, 1969 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமையன்று ஏழாம் வகுப்பு இடாப்பில் தவமணியின் பெயருக்கு நேரே வரவு போடப்பட்டதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.