செயற்குழு கிணற்றடிக்குப் போன ஞாயிறு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேலூரில் உள்ள எங்கள் அறிவியல் கழகம் என் கட்டுரையை ஆண்டு மலரில் அச்சிடப்போகிறது என்றதும் வீட்டில் மூன்று நாள் அதே பேச்சுதான். விரிஞ்சிபுரத்தைச் சுற்றி, பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று, விடுமுறை நாட்களில் ஸ்கூட்டியில் போய், கையடக்க மீட்டரால் அளந்து எழுதிய கட்டுரை அது.

மலர் அச்சாகி வந்துவிட்டது. வெளியீட்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆய்வகத்தில் வேறு ஏதோ சோதனைக்காக, மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும், உப்பின் அளவு தெரிந்த கரைசல் புட்டியை எடுத்தேன். மூடி இறுகவே இல்லை. தண்ணீர் ஆவியாகி, உள்ளே இருந்த கரைசலில் உப்பு கூடிப்போயிருந்தது. அதை வைத்துத்தான் என் மீட்டரைச் சரிசெய்திருந்தேன். அப்படியானால் மீட்டர் எல்லாக் கிணற்றிலும் உப்பைக் குறைத்துக் காட்டியிருக்கும். ஆறு கிணறுகளின் தண்ணீரைக் குடிக்கலாம் என்று எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடவும் நினைத்தேன். மூன்றாம் நாள் கழகத் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். "ஞாயித்துக்கிழம செயற்குழு இருக்கு. வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு பள்ளிக்கூட நூலகத்தில், குழந்தைகளுக்கான தாழ்ந்த நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்துதான் செயற்குழு கூடும். ஐந்து பேர். புட்டியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

முதலில் பேசியவர் செயலாளர், ஜோலார்பேட்டை ரயில்வே ஊழியர். "இன்னாம்மா இது, புக்கு வந்துட்ச்சி, விழாப் பத்திரிகையும் குடுத்தாச்சி. கொஞ்சம் கம்மியா காட்டியிருக்கும், அவ்ளோதானே? யாருக்குத் தெரியப்போவுது?"

மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் உறுப்பினர் சட்டென்று திரும்பினார். "அந்தத் தண்ணிய பிரஷர் இருக்கறவங்களும் குடிக்கிறாங்க சார். அவங்கள டெய்லி பாக்கறவ நானு."

வாக்குவாதம் நீண்டது. கட்டுரையையே கிழித்து எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். அப்போதுதான் தலைவர் கேட்டார்:

"இந்தக் கட்டுர நம்ம அஞ்சு பேர் கையிலயும் ரெண்டு மாசம் இருந்துது. மீட்டர எத வச்சி சரிபாத்தீங்கன்னு யாராவது கேட்டமா? கெமிஸ்ட்ரி வாத்தியாரு, நானே கேக்கல. அப்போ தப்பு இவங்களுது மட்டும் இல்ல. மறுபடியும் அளக்கலாம். எல்லாரும் போலாம்."

சம்மதிப்பவர்கள் கை தூக்கினார்கள். செயலாளரின் கை கடைசியாக உயர்ந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு காலை, புதுக் கரைசலோடு நான் விரிஞ்சிபுரம் போனபோது வாளியும் கயிறுமாக முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

"சிஸ்டர் சொன்னதே மண்டைல ஓடினு இருக்குது. எங்க வீட்லயும் பிரஷர்தாம்மா" என்றார்.

ஆறில் நான்கு கிணறுகள் தேறவில்லை. ஒரு கிணற்றுக்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "போன தபா நல்லாருக்குன்னு சொன்னது நீதானே?" தலைவர் முன்னால் வந்து, "நாங்க எல்லாருந்தாம்மா சொன்னோம். தப்பா சொல்லிட்டோம்" என்று கைகூப்பினார். செவிலியர் அந்தம்மாவோடு உட்கார்ந்து, சமையலுக்கும் குடிக்கவும் வேறு தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று விசாரித்தார்.

விழா ஒரு மாதம் தள்ளிப்போனது. ஐவரும் நூலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டை ஒட்டினார்கள். 'இப்பிழைக்குச் செயற்குழுவும் பொறுப்பு' என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் கேட்காத வரி. எத்தனையோ இடங்களில் என் தவறுக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதில் பங்கு கேட்டு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அந்தக் கிணற்றுக்காரம்மா இப்போதெல்லாம் போன் செய்கிறார். மழை நன்றாகப் பெய்திருக்கிறதாம், உப்பு குறைந்திருக்கிறதா என்று வந்து அளந்து பார்க்கச் சொல்கிறார்.