நோட்டீசில் எங்கள் ஊர்

எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் யாரையோ குறை சொல்வதாக நினைக்கிறார்கள். குறையெல்லாம் ஒன்றுமில்லை. உதியன்குளங்கரையிலிருந்து தெற்கே பாறசாலை தாண்டியும் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் பேசியது தமிழ், சண்டை போட்டது தமிழ், செத்த வீட்டில் அழுததும் தமிழ். பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தது மட்டும் மலையாளம். வெளியூரில் வேலை செய்யும் மகனுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் பேச்சு தமிழாக இருக்கும், எழுத்து மலையாளமாக இருக்கும். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாளப் பக்கத்திலிருந்து பிரித்துத் தமிழ்ப் பக்கத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் வந்து, அதன் நோட்டீஸ்களை எல்லாம் தமிழில் அச்சடிக்கத் தொடங்கிய பிறகுதான் சங்கடம் வந்தது.

நான் மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சர்; அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருந்த ஒரே தமிழ் வகுப்பு என்னுடையது. சபையில் உபதேசியாராக இருந்த அப்பா இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணன் மலேயாவுக்குப் போனவன். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு கடிதம் போட்டு வருடக் கடமையை முடித்துக்கொள்வான். மிஷன் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீட்டில் தனியாக இருந்தேன். தனியாக இருக்கும் பெண்ணை ஊர் பரிதாபமாகப் பார்க்கும், இல்லாவிட்டால் சந்தேகமாகப் பார்க்கும். எனக்கு இரண்டும் கிடைத்தன. சந்தேகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், பரிதாபம்தான் உடம்பெல்லாம் எரியும்.

அந்த நோட்டீஸ்களை எழுதியது நான். தெற்கே குழித்துறைப் பக்கம் இருந்த கமிட்டிக்காரர்களுக்கு மேடையில் பேச வரும், எழுத வராது. களியக்காவிளையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் துணி மூட்டையோடு எங்கள் பக்கம் வருவார். ரவிக்கைத் துணி காட்டுகிற சாக்கில் கமிட்டி என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போவார். மறுபடி வரும்போது நான் எழுதி வைத்ததை மூட்டைக்குள் வைத்துக்கொள்வார். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு துணியாவது வாங்கினேன். தைத்துப் போட்டுக்கொள்ள ஓர் ஆயுள் போதாத அளவுக்கு என்னிடம் ரவிக்கைத் துணி சேர்ந்தது.

எழுதுவது யார் என்று கமிட்டியில் கேட்டார்களாம். பாறசாலைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு போதுமே, அந்த மாஸ்டர் நன்றாக எழுதுகிறார், மாஸ்டரை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். துணிக்கடைக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் திருத்தச் சொல்லவும் இல்லை. திருத்தினால் எழுதுகிற வேலை கையை விட்டுப் போய்விடும் என்று பயம்.

நோட்டீஸ் எழுதுவதில் பெரிய தலைவலி முதல் வரிதான். மேலே யார் இருக்கிறார் என்று பார்த்துத்தானே முறையிட முடியும். நான் எழுதத் தொடங்கியபோது பட்டாளமும் போலீசும் ராஜாவின் கையில் இருந்தன. திருமனசு அறியும்படி என்று குனிந்து ஆரம்பித்தேன். பிறகு ஓட்டுப் போட்டுச் சட்டசபை வந்தது. ராஜா அரண்மனையில்தான் இருந்தார், ஆனால் அவருக்கு எழுதிப் பயனில்லை என்றார்கள். மந்திரிகளுக்கு எழுதினேன். எழுதியது அச்சாகி வருவதற்குள் மந்திரிசபை கவிழ்ந்துவிடும். நம்முடைய ஆட்கள் சபையில் கை தூக்கினால் ஒரு மந்திரிசபை, கையை இறக்கினால் வேறு மந்திரிசபை. கடைசியில் டெல்லிதான் எல்லைக் கோடு போடும் என்று ஆனபோது டெல்லிக்கு எழுதினேன். யார் மாறினாலும் லத்தி மட்டும் மாறவில்லை. தெற்கே துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாட்களில் எங்கள் ரோட்டில் பஸ் ஓடவில்லை, கடைகள் திறக்கவில்லை. வீட்டில் எனக்குத் துணைக்குப் படுக்க வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள். என்னைப் பற்றி எதுவும் தெரிந்து அல்ல; தமிழ் டீச்சர் என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

இவ்வளவும் எனக்கு எதற்கு என்று கேட்டால், பதில் சின்னது. எனக்கு ராஜாவும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். என் வகுப்பு வேண்டும். வருடா வருடம் அதில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கோடு எங்களுக்கு வடக்கே விழுந்தால் என் வகுப்பு பிழைக்கும், தெற்கே விழுந்தால் செத்துப்போகும். மற்றவர்கள் மேடையில் இனம், மானம் என்றெல்லாம் பேசினார்கள். நான் பெஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை களியக்காவிளைச் சந்தைத் திடலில் கூட்டம். பெண்கள் நிற்கும் ஓரத்தில் நானும் போய் நின்றேன். பெரிய தலைவர் ஒருவர் மைக் பிடித்து, நான் போன வாரம் எழுதிய நோட்டீசை வரிக்கு வரி பேசினார். நான் எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று நினைத்து எழுதினேனோ, அங்கே அவர் நிறுத்தினார். கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் நின்ற பெண், என்ன அழகாகப் பேசுகிறார் பார் என்றாள். ஆமாம் என்றேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது இருந்த தனிமை மாதிரி, அப்பா இறந்த அன்றுகூட இருந்ததில்லை. அப்பா இறந்ததை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்களே.

நம் ஊர்க்காரர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் நம் பக்கத்துக்கு மட்டும் தமிழை மலையாள எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள் என்று துணிக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் மூட்டையைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

“மலையாள எழுத்திலயா? கமிட்டி என்ன உயிரோட விடாது, டீச்சரே.”

அப்படியானால் யார் வாசிப்பது என்றேன்.

“நீங்க உண்டும்லா.”

அப்படித்தான் வாசிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எங்கள் சபைப் போதகரான ஐயர், கோயில் வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்று சொல்லிவிட்டதால், கேட்டுக்கு வெளியே சுவரோரம் நின்று வாசிப்பேன். பனையேறிகள், வயல் வேலைக்காரர்கள், சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் ஓர் அக்கா. தமிழ் எழுத்துத் தெரிந்த பழைய ஆட்கள் ஓரிருவருக்குக் கண் மங்கிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் அந்நேரம் உள்ளே ஞாயிறு பள்ளியில் இருப்பார்கள். ஆக, வாசிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

அவர்களுக்கு என் எழுத்தின் நடையழகு பற்றி ஒரு கவலையும் இல்லை. ஒரே கேள்விதான்: இதில் நம்ம இடம் உண்டுமா? நெய்யாற்றுக்குத் தெற்கே என்று வரும்போது கூட்டம் அசையும். பாறசாலை என்று வந்தால் கிழங்கு விற்கும் அக்கா பக்கத்தில் நிற்பவரை முழங்கையால் இடிப்பாள். அதனால் என்ன எழுதினாலும் எங்கள் ஊரை எங்காவது நுழைத்துவிடுவேன். கமிட்டிக்காரர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நோட்டீசை எழுதியதே நான்தான் என்று இவர்களுக்குத் தெரியாது. வாசிக்கிற பிள்ளை என்று மட்டும் தெரியும்.

டெல்லியில் முடிவு எடுத்தாகிவிட்டது என்ற செய்தி முதலில் பஸ்ஸில் வந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்ப் பக்கம் போகிறது, கோடு களியக்காவிளையில் விழுகிறது, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா முழுவதும் மலையாளப் பக்கமே இருக்கும் என்று கண்டக்டர் சொன்னான். நான் நம்பவில்லை. சனிக்கிழமை துணிக்கடைக்காரர் வந்து, மூட்டையை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது நம்பினேன்.

காப்பி குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். வெற்றி விழா நோட்டீஸ் ஒன்று வேண்டுமாம், கமிட்டி மாஸ்டரைத்தான் கேட்டிருக்கிறதாம். எங்களை விட்டுவிட்டுப் போகிற விழாவுக்கு என்னையே எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேற யாரு எழுதினாலும் உங்க ஊருக்க பேரு அதில வராது, டீச்சரே. நீங்க எழுதினா வரும்.”

அந்த மனிதர் துணி வியாபாரத்தில் ஏன் நன்றாக இருந்தார் என்று அன்று புரிந்தது. எழுதினேன். மகிழ்ச்சியை மகிழ்ச்சியாகவே எழுதினேன். தெற்கே இருந்தவர்கள் அடி வாங்கியவர்கள், அவர்கள் சந்தோஷப்படட்டும். கடைசியில் எங்களுக்காக ஒரு வாக்கியம். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. ரோஸ் காகிதம். கடைசி வாக்கியத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் விழா நேரமும் வாணவேடிக்கை உண்டு என்பதும் தடித்த எழுத்தில் இருந்தன. அச்சகத்தில் இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார் துணிக்கடைக்காரர். அவர் அதை நம்பவில்லை, நான் நம்புவேன் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று துணி எதுவும் காட்டவில்லை, நான் வாங்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வழக்கத்தைவிட அதிகம் பேர் சுவரோரம் காத்து நின்றார்கள். கிழங்கு விற்கும் அக்கா கூடையைக்கூடக் கொண்டுவரவில்லை. இதைக் கேட்பதற்கென்றே வந்திருந்தாள்.

வாசித்தேன். நாலு தாலுகாவின் பெயர்கள் வந்தன. யாரும் அசையவில்லை. காகிதத்தின் அடிப்பகுதிக்கு வந்ததும், வாணவேடிக்கையை விட்டுவிட்டு, குரலை மாற்றாமல், எனக்கு மனப்பாடமாக இருந்ததை வாசித்தேன்: “நெய்யாற்றுக்குத் தெற்கே பாறசாலை வரை வாழும் நம் மக்கள் இந்த விழாவுக்கு வர விரும்பாதவர்கள் அல்லர்; அவர்கள் வந்து சேரும் நாள் வரை இது பாதி விழாவே.”

பிறகு அக்கா கிட்டே வந்தாள்.

“அத ஒருக்கா கூடி வாசி, மக்கா.”

மறுபடி வாசித்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை.

“அப்பம் நம்மள மறக்கேல,” என்றாள் சுற்றி நின்றவர்களிடம். பிறகு என்னிடம், “அது எங்க எழுதியிருக்கு? காட்டு” என்றாள்.

நான் வாணவேடிக்கையின் மேல் விரலை வைத்தேன். அவள் என் விரலை நகர்த்திவிட்டு, அந்தத் தடித்த எழுத்துகளைத் தன் விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். இது எனக்கு இருக்கட்டும் என்று சொல்லி, காகிதத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. நல்லபடியாகத்தான் கலைந்தது, ஒருவர் எனக்கு இளநீர் வெட்டித் தரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் அந்தக் காகிதத்தை வீட்டில் யாரிடமாவது காட்டினால் என்ன செய்வது என்று பயந்தேன். அப்புறம் அவள் பிள்ளைகள் எல்லோரும் மலையாள வகுப்பில்தான் படிக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் அதை இனி யாரும் வாசிக்கப் போவதில்லை. அப்பாடா என்று இருந்தது. தமிழ் டீச்சராகிய நான் எதை நினைத்து அப்பாடா என்கிறேன் என்று உறைத்தபோது, கோயில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.