மலைச்சரிவில் ஒரு சிவப்புக் கதவு

"இன்னும் கீழ இறக்குங்க மாமா. மரம் தட்டாது, பயப்படாதீங்க."

"பயமா? யாருக்கு?" என்றார் ஓட்டுநர். கைப்பிடியை முன்னால் தள்ளினார். விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. மூன்று திரைகளிலும் மலைச்சரிவு ஒரே சமயத்தில் மேலே எழும்பி வந்தது.

பின்னால் நின்றிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இருந்த அறை இது. பழுதுக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து வாங்காத திரைகளில் மூன்றைத் துடைத்து, அரைவட்டமாக நிறுத்தி, நடுவில் ஒரு சுழல் நாற்காலி போட்டிருந்தான். அதில் முதலில் மாமாதான் உட்கார வேண்டும் என்று அவருடைய விடுமுறை நாளாகப் பார்த்து இருவரையும் வரச் சொல்லியிருந்தான். அக்கா முக்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தேடியது ஒரு கதவை. விமானம் ஓட்டும் அந்த விளையாட்டுக்குள் உலகம் முழுவதும் இருந்தது. அதைச் செய்தவர்கள் இடத்தைச் சொல்லாமல் அங்கங்கே எதையாவது ஒளித்து வைத்திருந்தார்கள். உப்பு ஏரியின் நடுவில் ஓர் இரும்புத் திமிங்கிலம். மணல்வெளியில் எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. கண்டுபிடித்தால் எதுவும் கிடைக்காது. தேடுகிறவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. முதலில் காண்கிறவர் படம் எடுத்துப் போடுவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த முறை வந்த துப்பு, பனிக்கும் காட்டுக்கும் இடையில் வீடில்லாமல் நிற்கும் ஒரு சிவப்புக் கதவு. பல நாட்களாக யாருக்கும் அகப்படவில்லை.

அந்தக் குழுவில் ஓட்டுநரைக் 'கொக்கு' என்று அழைத்தார்கள். அதிகம் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இளம் வயதில் பேருந்து ஓட்ட வந்தவர். ரயில் நிலையத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரயில் நிலையம் வரை. வழித்தடம் மாறியதே இல்லை. எந்த வளைவில் எந்தக் கடையின் தகரக் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த நிறுத்தத்தில் எந்தப் பெண் கையைக் காட்டிவிட்டு ஏறாமல் நிற்பாள் எல்லாம் தெரியும். தெரியாதது எதுவும் அந்தச் சாலையில் மிச்சம் இல்லை. மைத்துனன் ஒரு பழைய கணினியில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தபோது, "இதுல ஏறுறவனும் கிடையாது, இறங்குறவனும் கிடையாது. சில்லறைச் சண்டையும் கிடையாது. இப்படி ஒரு வண்டி இருக்கிறது இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே" என்றார்.

ஆனால் வெறுமனே பறப்பது கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. தேடல் சலிக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் மரம், பாறை, மறுபடியும் மரம். திடீரென்று அதில் ஒரு கோடு மட்டும் இயற்கையாக இல்லாமல் நேராக இருக்கும். அந்த நொடியில் கை தானாகவே வேகத்தைக் குறைக்கும். தனக்காகவே யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும். அந்த நொடிக்காகச் சலிக்காமல் காட்டின் மேல் போய்க்கொண்டே இருப்பார்.

மற்றவர்கள் வட்டமடித்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத் தேடினார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை. நிலத்தைப் பாய் விரித்ததுபோல் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்வார். ஒரு பட்டையின் மேல் நேராகப் போவது, முனையில் திரும்பி அடுத்த பட்டையில் நேராக வருவது. "மாமா ட்ரிப் அடிக்கிறாரு" என்பான் மைத்துனன். மூக்குக்கு நேர் கீழே வருவதை மட்டும் பார்ப்பார். அதில் ஒரு கூழாங்கல்லும் தப்பாது. குழுவில் அதைப் பொறுமை என்று நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அல்லது நினைக்க விரும்பினார். முந்தைய மழைக்காலத்தில் பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் மோதி உடைந்தது. அதற்குப் பிறகு பேருந்து உரசி ஒரு சைக்கிள்காரர் விழுந்தார். முழங்கை எலும்பு முறிந்தது. "எங்கிருந்துதான் முளைச்சான்னு தெரியலை" என்றார் வீட்டில். விசாரித்த அதிகாரியிடமும் அதையே சொன்னார். அன்று சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆற்றுத் தீவு ஒன்றில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கல் நாற்காலியைக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட வந்தார். "கண்ணு கெட்டவனா இதைக் கண்டுபிடிப்பான்?" என்று மனைவியிடம் கேட்டார். கண் கெட்டுவிட்டது என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

அதிலிருந்து தேடல் அவருக்குப் பரீட்சை ஆகிவிட்டது. கண்டுபிடித்தால் மறுநாள் நிம்மதியாக வண்டி எடுப்பார். கண்டுபிடிக்காத வாரத்தில் எரிந்து விழுவார். பணிமனை வைத்தியர் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்துக் காட்டினார். வைத்தியர் தோளில் தட்டி அனுப்பினார்.

மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள். அவள் வேறு சிலதைப் பார்த்திருந்தாள். இடப்பக்கம் வைத்த டம்ளர் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்ந்தது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு வந்தார். "கதவு பெருத்துப் போச்சா, இல்ல நீங்களா?" என்று சிரித்திருக்கிறாள். குளித்துவிட்டு வரும்போது தோளில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து எண்ணெய் தடவியிருக்கிறாள். எதையும் எதோடும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

மூன்று திரைக்கு முன்னால் அவர் இரண்டாவது பட்டையில் போய்க்கொண்டிருந்தபோது மைத்துனன் கதவைப் பார்த்துவிட்டான். இடது திரையில், சரிவின் விளிம்பில், தீக்குச்சி முனைபோலச் சிவப்பாக நின்றது. மாமா கண்டுபிடிக்கட்டும் என்று அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவளும் பார்த்தாள். கடிக்கப் போன பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கதவு பெரிதாகிக்கொண்டே வந்து இடது திரையைக் கடந்து போனது. ஓட்டுநர் முனையில் திரும்பினார். இப்போது கதவு வலது திரையில் வந்தது. கைப்பிடி தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். அதுவும் போனது.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "மேட்டுக்கு அந்தாண்ட பாக்கணும்."

மைத்துனன் சிரித்தான். "எங்களை வெச்சு விளையாடுறீங்களா மாமா?"

"என்ன விளையாட்டு?"

"ரெண்டு தடவை தாண்டிட்டீங்க."

"எதை?"

அக்கா எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவர் திருப்பினார். கதவு மறுபடியும் இடது திரையில் நுழைந்தது.

"அதோங்க" என்றாள்.

"எங்க?"

"இங்கதான். இந்த டிவியில."

அவர் தலையைத் திருப்பினார். கழுத்து முழுவதுமாகத் திரும்பிய பிறகு, "அட!" என்றார். படம் எடுக்கும் பொத்தானைச் சட்டென்று அழுத்தினார். "பாத்தியா, மாட்டிக்கிச்சு. கொக்கு விடுமா?"

அவருடைய உற்சாகத்தில் இருவரும் சேர்ந்துகொள்ளவில்லை.

மைத்துனன் விளையாட்டை நிறுத்தினான். மேசையிலிருந்து சிவப்பு மூடி போட்ட பேனாவை எடுத்தான். "மாமா, நடுத் திரையில அந்தப் பாறையையே பாருங்க. தலையை அசைக்கக் கூடாது. பேனா தெரிஞ்சதும் சொல்லுங்க."

"எதுக்குடா இதெல்லாம்?"

"சும்மா சொல்லுங்களேன்."

பேனாவை அவர் காதுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். கன்னத்தைத் தாண்டியது. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி வந்தபோது, "ம்" என்றார். மறுபக்கமும் அப்படியே. அக்கா தன் கையை நீட்டி, அவர் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு விரலை ஆட்டியபடி கொண்டுவந்தாள். அவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் இமைக்குப் பக்கத்தில் ஆடுவது அவருக்குத் தெரியவில்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த சைக்கிள்காரரு எந்தப் பக்கமா வந்தாரு?" என்று கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"எந்தப் பக்கமா வந்தாரு?"

"முளைச்சான்னு சொன்னேன்ல."

"யாரும் முளைக்கலைங்க. வந்துக்கிட்டுதான் இருந்திருக்காரு."

அவர் நாற்காலியைச் சுழற்றி அவர்களுக்கு முதுகைக் காட்டினார். "டெஸ்ட்ல பாஸ் பண்ணியிருக்கேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். டாக்டரை விட நீங்க ரெண்டு பேரும் பெரிய ஆளா?"

"எழுத்து நேரா நிக்குது மாமா" என்றான் மைத்துனன். "ஆளுங்க ஓரத்துலதான் வருவாங்க."

"நீ ஸ்க்ரூ முடுக்குற வேலையைப் பாரு."

"சரி, பாக்குறேன்."

மைத்துனன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். பிறகு அவர், "எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

"ஸ்கூல் விடுற நேரத்துல நீங்கதானே ஓட்டுறீங்க" என்றாள் அவள். "இவ்வளவு நாள் அடிபடாம இருந்ததே அந்தப் புள்ளைங்க அதிர்ஷ்டம். நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நீங்களே சொன்னாக் கொஞ்சம் மரியாதையா இருக்கும். வேற வேலை போடுவாங்க. இல்ல, போடாட்டியும் பாத்துக்கலாம். நான் நிக்கிறேன்ல."

"ம்."

"என்ன ம்? சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல. விடு."

மைத்துனன் கணினி பக்கம் குனிந்தான். படம் அங்கேயே நின்றது. கதவு, பின்னால் சரிவு, ஒரு மூலையில் விமானத்தின் இறக்கை நுனி. "இதை என்ன பண்றது மாமா?"

ஓட்டுநர் அதை வெகுநேரம் நேராகப் பார்த்தார். "அனுப்பு" என்றார்.

அனுப்பினான். குழுவிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்திகள் வந்தன. கொக்கு மறுபடியும் கொத்திவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தக் கண்ணை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று இன்னொருவர். கைதட்டும் சிறு படங்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. மூன்று பேரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, "போலாங்க" என்றாள். வாசலைத் தாண்டும்போது அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கிளம்பிப் போயிருந்தார். சலவை நிலையத்துக்குப் போனதும் அவள் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் அதிகாரியைப் பார்த்தாரா என்று கேட்டாள். பார்க்கவில்லை, வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு முதல் நடைக்கு வண்டி எடுத்துவிட்டார் என்றார்கள். அவள் அதிகாரியைக் கூப்பிடச் சொன்னாள். தன் கணவருக்கு இரண்டு ஓரமும் கண் தெரியவில்லை என்று சொன்னாள். "வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?" என்று அதிகாரி கேட்டார். சண்டை இல்லை என்றாள். வண்டியை நிறுத்தும்படி இரண்டு முறை சொன்னாள். பிறகு இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள்.

சந்தை நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி வேறு ஓட்டுநரை ஏற்றினார்கள். தாமதமாகிறது என்று பயணிகள் சத்தம் போட்டார்கள். அவர் இறங்கவில்லை. பின்னால் போய்க் காலியாக இருந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டி வரை போனார். மதியம் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஓரப் பார்வை போய்விட்டது, திரும்ப வராது, நடுவில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அவர், "நீதானா?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள். அவர் சாப்பிட்டார். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்ள முடியாமல் கன்னத்தில் வழிந்தது. அவள் குப்பியை வாங்கி அவர் கண்ணில் விட்டாள். பணிமனையில் அந்த வழித்தடத்துக்கு வேறொருவர் பெயரைப் போட்டார்கள்.