பந்து எங்கே விழும்?

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் என்னைச் சேர்த்ததே உயரத்துக்காகத்தான். ஆனால் கூடைக்குள் பந்து போட எனக்கு வரவில்லை. அதனால் எந்த ஆட்டத்திலும் என்னை இறக்கமாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் இடைவேளையில் கூடிச் சிரிக்கும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். பயிற்சி முடிந்ததும் கோட்டுச்சேரிமேட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறுவேன்.

ஒரு போட்டியோடு விலகிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். அன்று எங்கள் கேப்டன் பர்வீன் அக்காவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நொண்டியபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டத்தைப் பார்த்தபடி, "இடது பக்கம் விழும்" என்று என்னையறியாமல் முணுமுணுத்தேன். வளையத்தில் பட்ட பந்து இடது பக்கமே விழுந்தது. அடுத்ததையும் சரியாகச் சொன்னேன்.

"எப்படிடி சொல்ற?"

"எறியறப்ப அவங்க கை போற வாக்கப் பாத்தா தெரியுதுக்கா."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"எங்கிட்ட யாரும் பேசுனதே இல்லியேக்கா."

அவர் எழுந்துபோய்ப் பயிற்சியாளரிடம் பேசினார். அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான்: கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைத் தாவிப் பிடித்து அக்காவிடம் கொடுப்பது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான் இல்லாமல் அணி களமிறங்குவதே இல்லை என்றாகிவிட்டது.

அக்காவுக்குக் கால் பிசகாமல் இருந்திருந்தால், நான் அந்தப் போட்டியோடு விலகியிருப்பேன். இப்போது நானே ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். ஆட்டம் நடக்கும்போது நான் கோட்டருகே நின்று கத்துவதில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் பெண்ணிடம், "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கிறேன்.

- தேன்மொழி, காரைக்கால்